பக்கத்துக் குடியிருப்பும் ஒரு பாடம்தான்



போன மாதம் தீர்மான நோட்டு எழுதுவது எப்படி என்று பார்த்தோம். இந்த மாதப் பாடமும் ஒரு நோட்டில்தான் தொடங்குகிறது. ஆனால் அது குழு நோட்டு இல்லை. நம் உறுப்பினர் ஒருவருடைய மகளின் நோட்டு.

அந்தப் பிள்ளை பத்தாவதில் கணக்கில் தவறிவிட்டு, இரண்டு வருஷம் வீட்டில் பீடி சுற்றிக்கொண்டு இருந்தது. பிறகு ஒரு சமுதாயக் கல்லூரியில் நோயாளிகளைப் பராமரிக்கும் படிப்பில் சேர்ந்தது. சேர்ந்த உடனே ஊசி, மருந்து என்று எதையும் சொல்லித் தரவில்லையாம். 'வாழ்க்கைத் திறன்' என்று ஒரு வகுப்புதான் முதலில். அதில் ஒரு வேலை கொடுத்தார்கள். 'உன் ஊரைச் சுற்றி வாழும் மக்கள் யார் யார்? எங்கிருந்து வந்தார்கள்? வீட்டில் என்ன பேச்சு பேசுகிறார்கள்? என்ன தொழில், என்ன சாமி, என்ன சாப்பாடு? ஒரு மாதத்தில் எழுதிக்கொண்டு வா.'

பிள்ளை நோட்டோடு நம் கூட்டத்துக்கே வந்துவிட்டது. "யக்கா, எங்க தெருவ மட்டுந்தான் எழுதியிருக்கேன். மத்தது எனக்குத் தெரியாது. இத்தன ஊர்க்காரங்க இங்க உக்காந்திருக்கீங்க, நீங்க சொல்லுங்க" என்றது.

ஆளுக்கு ஒன்று சொன்னோம். சொல்லச் சொல்லத்தான் எங்கள் வண்டவாளம் தெரிந்தது. "அவுகளா? அவுக பாய் நெய்யுதவுக." "அவுக மலையில இருக்காவ." "அவுக வீட்டுல வேற பாஷ பேசுவாவ, என்ன பாஷன்னு தெரியாது." அதற்கு மேலே ஒருத்தருக்கும் பேச்சு வரவில்லை. வருஷக்கணக்காக ஒரே கூட்டமைப்பில் சேமித்து, ஒருத்தர் கடனுக்கு இன்னொருத்தர் கையெழுத்துப் போட்டிருக்கிறோம். யார் எவ்வளவு பாக்கி என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவோம். பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர் யார் என்று கேட்டால் முழிக்கிறோம்.

அன்றைக்குத்தான் இந்தப் பாடத்தை நாமும் படிப்பது என்று தீர்மானம் போட்டோம்.

சமுதாயக் கல்லூரி என்றால் என்ன என்று பலர் கேட்டீர்கள். பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டவர்கள், பத்தாவது தவறியவர்கள், கல்யாணமாகிப் பிள்ளை பெற்றவர்கள் என எல்லோரும் சேரக்கூடிய கல்லூரி இது. ஒரு தொழிலும், அந்தத் தொழிலோடு நாலு பேர் மத்தியில் நிமிர்ந்து வாழ்வதற்கான பழக்கமும் சொல்லித் தருகிறார்கள். நம் நாட்டில் 1995ஆம் ஆண்டு புதுச்சேரியிலும், 1996ஆம் ஆண்டு சென்னையிலும் இப்படிப்பட்ட கல்லூரிகள் தொடங்கின. பிறகு தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகம் பல சமுதாயக் கல்லூரிகளுக்கு அங்கீகாரம் கொடுத்தது. அமெரிக்காவில் இது பழைய ஏற்பாடு. அங்கே பல இன மக்களின் வரலாற்றைத் தனிப் பாடமாகவே வைத்திருக்கிறார்கள். அதுவும் சும்மா வந்துவிடவில்லை. 1968 நவம்பர் முதல் 1969 மார்ச் வரை சான் பிரான்சிஸ்கோவில் கல்லூரி மாணவர்கள் வகுப்புக்குப் போகாமல் போராடினார்கள். 'எங்கள் மக்களைப் பற்றி இந்தக் கல்லூரியில் ஒரு வரிகூட இல்லையே' என்பதுதான் அவர்கள் கேள்வி. கறுப்பர், மெக்சிகோக்காரர், சீனர், ஜப்பானியர், செவ்விந்தியர் என்று பல வீட்டுப் பிள்ளைகளும் சேர்ந்து நின்ற பிறகே அந்தப் பாடத்துக்கு ஒரு தனித் துறை கிடைத்தது.

நோயாளியைக் கவனிக்கிற படிப்புக்கு இதெல்லாம் எதற்கு என்று பிள்ளையின் அம்மாவே கேட்டார். பிள்ளையிடம் டீச்சர் சொன்ன பதில் இதுதான்: "நாளைக்கு நீ எல்லார் வீட்டுக்குள்ளயும் போவ, எல்லார் உடம்பையும் தொடுவ. யார் என்னன்னு தெரியாமப் போனா, மருந்து கொடுக்கத் தெரிஞ்சும் பேசத் தெரியாது."

சரி, பாடத்துக்குள் போவோம். நம் கூட்டமைப்பு ஆற்றின் ரெண்டு கரையிலும் இருக்கிறது. மேற்கே மலை. தாமிரபரணி அங்கே பொதிகையில் பிறந்து பாபநாசத்தில் இறங்கி, விக்கிரமசிங்கபுரம், அம்பை, கல்லிடை, வீரவநல்லூர், சேரன்மகாதேவி, பத்தமடை என்று போகிறது. தண்ணீர் வந்த வழியே நாமும் மலையிலிருந்து தொடங்குவோம்.

காரையாறு, சேர்வலாறு அணைகளைச் சுற்றி அகஸ்தியர் காணிக்குடியிருப்பு, மயிலாறு, சின்ன மயிலாறு, சேர்வலாறு, இஞ்சிக்குழி ஆகிய இடங்களில் காணிக்கார மக்கள் வாழ்கிறார்கள். மலைக்கு அந்தப் பக்கம் கேரளாவிலும், தெற்கே கன்னியாகுமரி மாவட்டத்திலும் இவர்கள் சொந்தபந்தம் இருக்கிறது. பேச்சு தமிழும் மலையாளமும் கலந்தது போல நம் காதுக்குக் கேட்கும். ஊருக்குத் தலைவர் மூட்டுக்காணி. மருந்தும் மந்திரமும் தெரிந்தவர் பிலாத்தி. உடம்புக்கு முடியாதவரை நடுவில் வைத்து, கொக்கரை என்ற இரும்புக் கருவியைத் தேய்த்து ஓசை எழுப்பி இரவெல்லாம் பாடுவார்கள். அதற்குச் சாற்றுப்பாட்டு என்று பெயர். தேன், மிளகு, கிழங்கு என்று மலையிலிருந்து நம் சந்தைக்கு வருகிற பல சாமான்களுக்குப் பின்னால் இவர்கள் கை இருக்கிறது. இவர்கள் இருக்கும் காடு 1988ஆம் ஆண்டு முதல் களக்காடு முண்டந்துறைப் புலிகள் காப்பகம். ஊருக்குள் போகவர சோதனைச் சாவடியைத் தாண்ட வேண்டும். நம் கூட்டத்துக்கு மலை உறுப்பினர்கள் ஏன் பிந்தி வருகிறார்கள் என்று குறைபட்டுக்கொண்டோமே, அதற்குக் காரணம் இதுதான்.

இவர்களில் ஒரு அக்கா எங்களிடம் சொன்ன கதையை இங்கே எழுதியே ஆக வேண்டும். மகனைக் கல்லூரியில் சேர்க்கச் சாதிச் சான்றிதழ் கேட்டு ஒரு ஆபீசுக்குப் போயிருக்கிறார். "என்ன சாதி?" என்று கேட்டிருக்கிறார்கள். "காணி" என்றிருக்கிறார். "காணின்னா நிலம்லா? எத்தன ஏக்கர்?" என்று அங்கே இருந்தவர் சிரித்தாராம். அக்கா இதைச் சொன்னபோது நாங்களும் வாய்விட்டுச் சிரித்தோம். அந்த அக்கா சிரிக்கவில்லை. அந்த வருஷம் அந்தப் பையன் கல்லூரிக்குப் போகவில்லை என்பது பிறகுதான் எங்களுக்குத் தெரிந்தது.

இதில் தெரிந்துகொள்ள வேண்டிய சட்டம் ஒன்று இருக்கிறது. பழங்குடியினர் பட்டியலில் காணிக்காரர் பெயர் முன்பே உண்டு. ஆனால் பெயருக்குப் பக்கத்தில் எந்த ஊர் என்றும் எழுதியிருக்கும். கன்னியாகுமரி மாவட்டமும் செங்கோட்டை தாலுகாவும் மட்டுந்தான் முதலில் இருந்தன. அம்பாசமுத்திரம் தாலுகா இல்லை. ஒரே மக்கள், ஒரே பேச்சு, ஒரே சாமிதான். தாலுகா எல்லை மாறினால் பழங்குடி இல்லை என்று ஆகிவிட்டது! 2002ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டம் வந்த பிறகுதான் அம்பாசமுத்திரம் தாலுகாவும் அதில் சேர்ந்தது. இதை நாங்கள் முன்னமே தெரிந்து வைத்திருந்தால், அக்காவைத் தனியாக அனுப்பியிருக்க மாட்டோம். அடுத்த முறை பட்டியலை ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டு மூன்று பேர் கூடவே போனோம். சான்றிதழ் கிடைத்தது. போன வருஷம் கிடைக்கவில்லை.

காணி மக்கள் பற்றி இன்னொரு செய்தி. இதை உலகம் முழுக்கப் பேசுகிறார்கள், நம் ஊரில்தான் பேசுவதில்லை. 1987ஆம் ஆண்டு, அகத்தியர் மலையின் கேரளப் பக்கத்தில் விஞ்ஞானிகள் சிலர் ஆராய்ச்சிக்காக நடந்தார்கள். வழிகாட்டக் காணி இளைஞர்கள் கூடப் போனார்கள். விஞ்ஞானிகளுக்கு மூச்சு வாங்கியது. காணிகளுக்கு அலுப்பே இல்லை. பார்த்தால், வழியில் ஏதோ ஒரு காயை அப்பப்போ வாயில் போட்டுக்கொண்டு நடந்திருக்கிறார்கள். என்ன என்று கேட்டால் முதலில் சொல்லவில்லை. அது வீட்டு ரகசியம். வற்புறுத்திக் கேட்ட பிறகு 'ஆரோக்கியப்பச்சை' என்ற செடியைக் காட்டினார்கள். அதிலிருந்து 'ஜீவனி' என்று ஒரு மருந்து செய்து, 1995ஆம் ஆண்டு கோயம்புத்தூர் ஆர்ய வைத்திய பார்மசிக்குச் செய்முறையைக் கொடுத்தார்கள். உரிமைத் தொகை 10 லட்சம் ரூபாய், விற்பனையில் 2 சதவீதம் பங்கு. வந்ததில் பாதி காணி மக்களுக்கு என்று முடிவாகி, 1997ஆம் ஆண்டு அதற்கு ஒரு அறக்கட்டளையும் பதிவு செய்தார்கள்.

மலைவாசிகளின் அறிவுக்குப் பங்கு கொடுத்த முதல் ஏற்பாடுகளில் ஒன்று என்று இதை வெளிநாட்டிலும் பாராட்டினார்கள். பாராட்டலாம். ஆனால் முழுக்கதையும் தெரிய வேண்டும். அந்த ரகசியம் ஊர் முழுக்கச் சேர்ந்து வைத்திருந்தது. சொன்னது ரெண்டு மூன்று பேர். 'எங்களைக் கேட்காமல் எப்படிச் சொல்லலாம்' என்று சில பிலாத்திகள் அப்போதே எதிர்த்தார்கள். அறக்கட்டளையும் கேரளக் காணிகளுக்கானதுதான். மலைக்கு இந்தப் பக்கம் இருக்கும் நம் அக்காமாருக்கு அதில் இடம் இல்லை. எந்தச் செடி எதற்கு நல்லது என்று நாம் விளையாட்டாகக் கேட்கிறோம், அவர்கள் மழுப்புகிறார்கள். ஏன் மழுப்புகிறார்கள் என்று இப்போது விளங்குகிறதா?

2002ஆம் ஆண்டு பல்லுயிர்ச் சட்டம் என்று ஒன்று வந்திருக்கிறது. அதன்படி ஒவ்வொரு பஞ்சாயத்திலும் பல்லுயிர் மேலாண்மைக் குழு இருக்க வேண்டும். அதில் மூன்றில் ஒரு பங்குக்குக் குறையாமல் பெண்கள் இருக்க வேண்டும். ஊரில் உள்ள செடி கொடி, விதை, வைத்தியம் பற்றிய பதிவேட்டை அந்தக் குழுதான் மக்களோடு சேர்ந்து தயாரிக்க வேண்டும். உங்கள் பஞ்சாயத்தில் அந்தக் குழு இருக்கிறதா, அதில் பெயர் எழுதப்பட்ட பெண்களுக்கு அது தெரியுமா என்று கிராம சபையில் ஒரு தரம் கேட்டுப் பாருங்கள். சுவாரசியமான பதில் வரும்.

மலையில் இன்னொரு மக்களும் இருந்தார்கள். மாஞ்சோலைத் தேயிலைத் தோட்டத் தொழிலாளர்கள். சிங்கம்பட்டி ஜமீன் நிலத்தில் 8,373 ஏக்கரை 1929ஆம் ஆண்டு 99 வருஷக் குத்தகைக்கு பம்பாய் பர்மா டிரேடிங் கம்பெனி எடுத்தது. நம் கீழ்நாட்டு ஊர்களிலிருந்தும் கேரளாவிலிருந்தும் ஏழைக் குடும்பங்கள் மலையேறின. கூலி உயர்வு கேட்டு 1999 ஜூலை 23 அன்று திருநெல்வேலியில் ஊர்வலம் போனபோது, போலீஸ் தடியடிக்குப் பின் ஆற்றில் விழுந்து 17 பேர் செத்துப்போனார்கள். அதில் கைக்குழந்தையும் உண்டு. 2024 ஜூன் மாதம் கம்பெனி விருப்ப ஓய்வு கொடுத்து வேலையை முடித்துக்கொண்டது. நாலு தலைமுறை மலையில் இருந்தவர்களில் பலர் இறங்கி வந்துவிட்டார்கள். நம் தெருக்களில் வாடகைக்கு இருக்கும் அந்தப் பெண்களை 'எஸ்டேட்காரி' என்று கூப்பிடுவதோடு நிறுத்தாமல் குழுவில் சேர்க்க வேண்டும். புது இடத்தில் முகவரிச் சான்று இல்லை, அதனால் வங்கிக் கணக்குக்கு இழுபறி. இதற்குக் கூட்டமைப்பு என்ன செய்யலாம் என்று தனியாகப் பேசுவோம்.

ஆற்றோடு கீழே வருவோம். வீரவநல்லூர் நெசவாளர் தெருவுக்குப் போனால் வாசலில் தமிழ் கேட்கும், அடுப்படியில் வேறு பேச்சு கேட்கும். அது சௌராஷ்டிர மொழி. குஜராத் பக்கத்திலிருந்து புறப்பட்டுப் பல தலைமுறையாகத் தெற்கே நகர்ந்து, நாயக்கர் காலத்தில் மதுரை பக்கம் வந்து சேர்ந்த நெசவாளர் மக்கள் இவர்கள். மொழிக்குத் தனி எழுத்தும் உண்டு. இந்தத் தெருக்களில் நெய்யும் செடிபுட்டா சேலைக்கு 2023ஆம் ஆண்டு புவிசார் குறியீடு கிடைத்தது. செடியும் பூவுமாகப் புட்டா போட்டிருக்கும், பார்த்தால் கண்ணில் நிற்கும். எங்கள் உறுப்பினர் ஒருவர், "எம் பேத்திக்கு இந்தப் பாஷ புரியும், ஆனா பேச வராது. தமிழ்லதான் பதில் சொல்லுதா" என்றார். தறியைப் பற்றிக் கேட்டபோது கலகலவென்று பேசியவர், இதைச் சொல்லும்போது மட்டும் குரலை இறக்கிக்கொண்டார்.

பத்தமடைப் பாய் தெரியாதவர் இல்லை. ஆனால் நம்மில் எத்தனை பேர் வீட்டில் இருக்கிறது? கல்யாணச் சீருக்கு ஒன்று வாங்கினால் உண்டு. ஆற்றங்கரைக் கோரையைப் பச்சையாக அறுத்து, காய வைத்து, கீறி, ஓடுகிற தண்ணீரில் நாள்கணக்கில் ஊறப்போட்டு, மறுபடி காயவைத்து, அதை இன்னும் மெல்லிசாகக் கீறி எடுத்த பிறகுதான் தறிக்கு வருகிறது. பாவு நூல் 100, 120, 140 என்று ஏற ஏறப் பாய் துணி போல மடியும். சிவப்புச் சாயத்துக்குப் பதிமுகக் கட்டையைக் காய்ச்சுவது பழைய வழக்கம். லெப்பை முஸ்லிம் குடும்பங்கள்தான் இந்தத் தொழிலை வளர்த்தன. மாப்பிள்ளை பெண் பெயரைப் பாயிலேயே நெய்து கொடுப்பார்கள். இந்துக் கல்யாணத்துக்கும் முஸ்லிம் கல்யாணத்துக்கும் அதே தறிதான். புவிசார் குறியீடு 2012-13இல் கிடைத்தது. இன்றைக்குத் தறியில் உட்கார்ந்திருப்பது பெரும்பாலும் பெண்கள். அந்தக் குறியீட்டால் நெய்கிறவருக்கு எத்தனை ரூபாய் கூடுதலாகக் கிடைக்கிறது என்பதுதான் எங்கள் கேள்வி. ஒரு உறுப்பினரிடம் கணக்குப் போட்டுப் பார்த்தோம். கோரை, நூல், சாயம் போக அவர் ஒரு நாள் கூலி நூறு நாள் வேலைக் கூலியைவிடக் குறைவாக வந்தது. கடையில் அதே பாயின் விலையைப் பார்த்து அவரே வாயைப் பிளந்தார். அன்றே ரெண்டு குழுக்கள் சேர்ந்து நேரடியாக விற்பது என்று பேசி, கூட்டமைப்பிலிருந்து கடனுக்கு மனு கொடுத்திருக்கிறார்கள்.

மண்ணும் சக்கரமுமாகப் பானை செய்கிற காருகுறிச்சி வேளார் தெரு, அப்பளத்துக்குப் பேர்போன கல்லிடைக்குறிச்சி அக்கிரகாரமும் அங்கே அப்பளம் தேய்க்கிற மற்ற சமூகத்துப் பெண்களும், 1880களில் வந்த ஹார்வி பஞ்சாலைக்காக விக்கிரமசிங்கபுரத்தில் குடியேறிய குடும்பங்கள், பீடி சுற்றும் முக்கூடல் வீடுகள் என்று இன்னும் எவ்வளவோ உண்டு. ஒவ்வொன்றும் ஒரு பாடம். அந்தந்த ஊர்க் குழுக்களே எழுதினால்தான் சரியாக இருக்கும் என்று இங்கே விட்டுவிடுகிறோம்.

இப்போது கொஞ்சம் சிக்கலான பாடம்.

ஆடி அமாவாசைக்குச் சொரிமுத்து அய்யனார் கோயிலுக்கு நம்மில் பாதிப் பேர் போவோம். காட்டுக்குள் குடில் போட்டுத் தங்குவோம். அங்கே பட்டவராயர் சன்னதியில் தோல் செருப்பைக் காணிக்கையாகக் கட்டித் தொங்கவிட்டிருக்கும். சாமி இரவில் போட்டு நடப்பதால் அது தேய்ந்திருக்கும் என்று காட்டுவார்கள். கோயில் வாசலிலேயே செருப்பைக் கழற்றிவிட்டுப் போகிற நாம், இந்த ஒரு சாமிக்கு மட்டும் ஏன் செருப்பு கொடுக்கிறோம் என்று கேட்டிருக்கிறோமா?

கதை வில்லுப்பாட்டில் கேட்டிருப்பீர்கள். முத்துப்பட்டன் பிராமணக் குடும்பத்தில் கடைசிப் பிள்ளை. அண்ணன்மாரோடு மனஸ்தாபம். காட்டில் பொம்மக்கா, திம்மக்கா என்ற அக்கா தங்கையைப் பார்த்து ஆசைப்பட்டான். அவர்கள் மாடு மேய்க்கும் சக்கிலியர் சமூகத்து வாலப்பகடையின் மகள்கள். "பெண்ணைக் கட்ட வேண்டுமென்றால் குடுமியையும் பூணூலையும் எடு, செருப்புத் தைக்கக் கற்றுக்கொள், எங்களில் ஒருத்தனாக இரு" என்றார் பகடை. பட்டன் அப்படியே செய்தான். கல்யாணம் முடிந்த கையோடு மாட்டைக் கவர வந்தவர்களோடு சண்டை போட்டுச் செத்தான். பெண்கள் இருவரும் தீயில் இறங்கினார்கள். செருப்புத் தைத்தவன் சாமியானதால் செருப்பு காணிக்கை.

இதை நம் கூட்டத்தில் ஒருவர் சொல்லி முடித்ததும் இன்னொருவர், "அந்தப் பிள்ளைக நெசத்துல ஐயர் வீட்டுப் பிள்ளைகதான். காட்டுல கெடந்தத பகடை எடுத்து வளத்தாரு. எங்க ஆச்சி அப்படித்தான் சொல்லுவா" என்றார்.

பின்வரிசையிலிருந்து ஒரு அருந்ததியர் உறுப்பினர் எழுந்தார். கூட்டத்தில் அவர் பேசி நாங்கள் அதிகம் கேட்டதில்லை. "எங்க வீட்டுல அப்படிச் சொல்ல மாட்டாவ. அது எங்க பிள்ளைக" என்றார். உட்கார்ந்துவிட்டார். கொஞ்ச நேரம் யாரும் வாய் திறக்கவில்லை.

யார் சொன்னது சரி? நாங்குநேரியில் பிறந்த பேராசிரியர் நா. வானமாமலை (1917–1980) இந்தக் கதைப்பாடலைத் தேடிப் பதிப்பித்தவர். ரெண்டு விதமாகவும் கதை வழங்குவதை அவர் கவனித்திருக்கிறார். பிராமணப் பிள்ளைகளை எடுத்து வளர்த்தார்கள் என்ற பகுதி, கலப்புக் கல்யாணத்தைப் பொறுக்க முடியாதவர்கள் பின்னால் சேர்த்தது என்பது அவர் முடிவு. நமக்கும் அதுதான் சரியாகப் படுகிறது. பொம்மக்கா, திம்மக்கா என்ற பெயர்களே தமிழ் வீட்டுப் பெயர்களாக இல்லை, தெலுங்கு, கன்னடம் பேசும் மக்களின் பெயர்கள் போலத்தான் இருக்கின்றன. அருந்ததியர் வீடுகளில் பலவற்றில் இன்றும் தெலுங்குதான் பேச்சு.

வானமாமலை அவர்கள் செய்த இன்னொரு காரியம் நமக்கு ரொம்பப் பொருத்தம். 'நெல்லை ஆய்வுக் குழு' என்று ஒன்றை வைத்து நடத்தினார். உறுப்பினர்கள் கூடுவார்கள், ஒருவர் எழுதி வந்ததைப் படிப்பார், மற்றவர்கள் கேள்வி கேட்பார்கள். அங்கே படித்தவற்றிற்காக 'ஆராய்ச்சி' என்ற பத்திரிகையும் வந்தது. பாளையங்கோட்டை தூய சவேரியார் கல்லூரியில் நாட்டார் வழக்காற்றியல் துறையே இருக்கிறது. மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்தில் தமிழ்த்துறைத் தலைவராக இருந்த பேராசிரியர் தொ. பரமசிவன் (1950–2020) உப்பு, எண்ணெய், தாலி, உரல் என்று நாம் தினம் தொடுகிற சாமான்களைக்கொண்டே பெரிய வரலாறு எழுதிக் காட்டினார். ஆகவே 'இதெல்லாம் படிச்சவங்க வேல' என்று ஒதுங்க வேண்டாம். அவர்கள் எழுதியதில் பாதி நம் பாட்டிமார் சொன்னதுதான்.

எழுதி வைப்பதால் என்ன ஆகும் என்பதற்கும் நம் ஊரிலேயே சாட்சி உண்டு. அம்பாசமுத்திரம் எரிச்சாவுடையார் கோயிலில் வரகுண பாண்டியன் காலத்துக் கல்வெட்டு இருக்கிறது. ஆயிரம் வருஷத்துக்கும் மேல் பழையது. அப்போது நம் ஊருக்கு இளங்கோக்குடி என்று பெயர். ராஜா ஊர்ச் சபையிடம் 290 காசு கொடுத்தார். முதலைத் தொடக்கூடாது. காசுக்கு வருஷம் 2 கலம் வீதம் 580 கலம் நெல்லை வட்டியாக அளந்து, கோயில் பூசைக்குத் தர வேண்டும். முதல் குறையாமல் வட்டியில் காரியம் நடத்துவது நாம் செய்கிற அதே உள்கடன் வேலைதான்! நாங்கள் இதைக் கேட்டுப் பெருமையாகச் சிரித்தோம். ஒரு சின்ன வித்தியாசம், அந்தச் சபையில் பெண்கள் கிடையாது, பிராமணர் அல்லாதவர்களும் கிடையாது. கல்லில் யார் பெயர் இருக்கிறதோ அவர்கள் கதைதான் ஆயிரம் வருஷம் நின்றிருக்கிறது. நெல்லை விளைவித்துக் கொடுத்தவர்கள் பெயர் அந்தக் கல்லில் இல்லை.

கடைசியாகச் சாப்பாடு. இதைப் பேசாமல் விட்டால் இந்தப் பாடம் பாதிதான்.

1922ஆம் ஆண்டு வ.வே.சு. ஐயர் சேரன்மகாதேவியில் ஒரு குருகுலம் தொடங்கினார். சுதந்திரப் போராட்ட வீரர், பெரிய படிப்பாளி. எல்லாச் சாதிப் பிள்ளைகளும் தங்கிப் படிக்கவும், நாட்டுப்பற்றோடு வளரவும் வேண்டும் என்பது நோக்கம். காங்கிரஸ் 10,000 ரூபாய் தருவதாகச் சொல்லி 5,000 ரூபாய் கொடுத்தது. ஆனால் ரெண்டு பிராமணப் பிள்ளைகளுக்கு மட்டும் தனியாகச் சாப்பாடு போட்டார்கள். பெற்றோருக்குக் கொடுத்த வாக்கு என்று காரணம் சொன்னார்கள். விஷயம் வெளியே வந்ததும் வரதராஜுலு நாயுடு, பெரியார் ஈ.வெ.ரா. போன்றவர்கள் கடுமையாக எதிர்த்தார்கள். காந்தி வரைக்கும் போயும் தீரவில்லை. 1925 ஜூனில், பாபநாசம் அருவியில் தவறி விழுந்த மகளைக் காப்பாற்றக் குதித்து ஐயர் இறந்துபோனார். அதே வருஷம் பெரியார் காங்கிரஸை விட்டு விலகினார். ஒரே பள்ளிக்கூடம், ஒரே பாடம், ஒரே கூரைதான். ரெண்டு இலையை மட்டும் தனியாகப் போட்டதில் தமிழ்நாட்டு அரசியலே திசை மாறியது.

அதெல்லாம் அந்தக் காலம் என்று சொல்லத் தோன்றும். நம் ஆண்டு விழாவில் மதியச் சாப்பாட்டுக்குச் சிலர் டிபன் பாக்ஸ் கொண்டுவந்தார்கள். "வயித்துக்குச் சரியில்ல" என்றார்கள். அன்றைக்குச் சமைத்தது எந்தக் குழு என்பதும், யாருக்கெல்லாம் வயிறு சரியில்லாமல் போனது என்பதும் எல்லோருக்கும் தெரியும். யாரும் பேசவில்லை. பெயர் சொல்லி யாரையும் குறை சொல்ல இதை எழுதவில்லை. ஆனால் நடந்ததை நம் இதழில் நாமே எழுதாவிட்டால் வேறு எங்கே எழுதுவது? இனிமேல் கூட்டச் சமையல் குழுவாரியாக முறை வைத்து நடக்கும் என்று போன செயற்குழுவில் தீர்மானம் ஆகியிருக்கிறது.

இனி உங்கள் வேலை. ஒவ்வொரு குழுவும் ஒரு 80 பக்க நோட்டு வாங்குங்கள். செலவைக் குழு நிதியில் எழுதலாம். எழுதப் படிக்கத் தெரிந்த ஒருவரும், வயதான உறுப்பினர் ஒருவரும் சேர்ந்து ரெண்டு பேராகப் போங்கள். உங்கள் தெருவை எழுத வேண்டாம், பக்கத்துத் தெருவை எழுதுங்கள். போகும்போது, எதற்காகக் கேட்கிறோம் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். சொல்ல விருப்பமில்லை என்றால் விட்டுவிடுங்கள். மருந்துச் செடியின் பெயரையும் செய்முறையையும் மட்டும், அந்த ஊரார் கூடிச் சம்மதம் சொல்லாமல் நோட்டில் ஏற்றக் கூடாது. காரணம் மேலே இருக்கிறது. ஒரே கதையை ரெண்டு பேர் ரெண்டு விதமாகச் சொன்னால் ரெண்டையும் எழுதி, யார் வீட்டில் சொன்னது என்றும் குறியுங்கள். எழுதி முடித்ததை அவர்களிடமே வாசித்துக் காட்டுங்கள். "இத எழுதாத" என்று அவர்கள் சொல்வதை அடித்துவிடுங்கள்.

குழுவில் பேசிப் பார்க்க: உங்கள் பாட்டி எந்த ஊர்? அங்கிருந்து ஏன் வந்தார்? உங்கள் வீட்டில் மட்டும் சொல்லும் வார்த்தை ஏதாவது உண்டா? நீங்கள் இதுவரை தண்ணீர் வாங்கிக் குடிக்காத வீடு உங்கள் ஊரில் உண்டா?

அந்தப் பிள்ளையின் நோட்டு 46 பக்கம் வந்தது. படிப்பு முடிந்து இப்போது வேலைக்குப் போகிறது. நோட்டு கூட்டமைப்பு அலுவலகத்தில் இருக்கிறது, வேண்டியவர்கள் வந்து பார்க்கலாம்.

அடுத்த மாதம் இரண்டாம் சனிக்கிழமை நோட்டுகளோடு கூடுவோம். மலை உறுப்பினர்கள் சாயங்காலப் பஸ்ஸைப் பிடிக்க வேண்டும் என்பதால் கூட்டம் காலை 10 மணிக்கே தொடங்கும். அன்றைக்குச் சமையல் மயிலாறு குழு. மரவள்ளிக்கிழங்கும் மீன்குழம்பும் என்று சொல்லியிருக்கிறார்கள். டிபன் பாக்ஸ் வேண்டாம், தட்டு மட்டும் கொண்டுவாருங்கள்.